முவக்கித்திலிருந்து கைபேசிச் செயலி வரை: தொழுகை நேரம் காட்டிய கருவிகளின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ரமளான் மாதப் பின்னிரவுகளில் நம் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு விந்தையைக் காணலாம். சஹர் உணவுக்காகக் குடும்பம் ஒன்றுகூடி அமர்ந்திருக்கும். தந்தையின் கைபேசியில் பாங்கு ஒலிக்கும். ஆறு நிமிடம் கழித்துத் தாயின் கைபேசியில் ஒலிக்கும். கல்லூரியில் படிக்கும் மகனின் கைபேசியோ, இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும். மூவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே விடியலை எதிர்நோக்கி அமர்ந்திருப்பவர்கள். விடியல் ஒன்று, செயலிகள் மூன்று. இவற்றுள் எதை நம்பித் தண்ணீர்க் குவளையைக் கீழே வைப்பது?

எந்தச் செயலி சிறந்தது என்று ஒரு பட்டியல் தந்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் ஓராண்டுக்குள் பழையதாகிவிடும். தொழுகையின் நேரத்தை அறிய இச்சமுதாயம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக எத்தகைய கருவிகளைக் கையாண்டது, எந்த அடிப்படையில் அவற்றை நம்பியது என்பதை அறிந்துகொண்டால், இன்று நம் கையிலிருக்கும் செயலியை எடைபோடும் அளவுகோல் தானாகவே கிடைத்துவிடும். இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறது.

கண்ணால் கண்ட நேரம்

தொழுகை, நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் உணர்த்துகிறது. வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் இரண்டு நாட்கள் நபிகளாருக்குத் தொழுவித்து, தொழுகைகளுக்குரிய கால எல்லைகளைக் காட்டிக் கொடுத்த செய்தியை மதரஸாவின் தொடக்க வகுப்புகளிலேயே நாம் படித்திருக்கிறோம். அங்கே மணிக்கணக்கு இல்லை. சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். பொருளின் நிழல் குறிப்பிட்ட அளவு நீண்டால் அஸர். சூரியன் மறைந்தால் மஃரிப். மேற்கு வானின் செம்மை அகன்றால் இஷா. கீழ்வானில் வெளிச்சம் குறுக்காகப் பரவினால் ஃபஜ்ர். பாலைவனத்து இடையனும் மதீனத்து வணிகரும் ஒருபோலக் கண்டறியத்தக்க அடையாளங்கள் இவை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நபிகளார் (ஸல்) அவர்களின் காலத்தில் ஃபஜ்ருக்குப் பாங்கு சொன்னவர்களில் ஒருவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அவர் பார்வையற்றவர். பிலால் (ரலி) அவர்கள் இரவு இருக்கும்போதே பாங்கு சொல்வார்கள் என்றும், இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணலாம், பருகலாம் என்றும் நபிகளார் அறிவித்திருந்தார்கள். விடிந்துவிட்டது என்று பிறர் கூறிய பிறகே இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்வார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. வானத்தைக் கண்டவர் ஒருவர். அவர் சொல்லை ஏற்றுப் பாங்கு சொன்னவர் இன்னொருவர். அந்தப் பாங்கை நம்பி உண்பதை நிறுத்தியது ஓர் ஊர். நேரத்தை அறிவிப்பது ஓர் அமானிதம் என்ற கருத்தின் வேர் இங்கே இருக்கிறது. முஅத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று ஹதீஸில் வருவதும் இதனால்தான்.

அட்டவணை பிறந்தது

இஸ்லாம் ஹிஜாஸைக் கடந்து பரவியபோது சிக்கல் எழுந்தது. மேகம் மூடிய வானத்தில் நிழலை எப்படி அளப்பது? உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரில் அடிவானத்தை எங்கே காண்பது? அடையாளங்களைக் கணக்காக மாற்ற வேண்டிய தேவை வந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரை நாம் அறிவோம். கணினித் துறையினர் இன்று செயல்முறைக்கு வழங்கும் ‘அல்காரிதம்’ என்ற சொல் அவருடைய பெயரின் திரிபு. பக்தாத் நகரின் அகலக்கோட்டுக்கென அவர் வகுத்த தொழுகை நேர அட்டவணை, நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையது என்று அறிவியல் வரலாற்று அறிஞர்கள் கருதுகின்றனர். செயலிகளின் பூட்டனார் என்று அந்த அட்டவணையைத் தாராளமாக அழைக்கலாம்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இக்கலை வேகமாக வளர்ந்தது. அல்பீரூனி (973–1048), நிழல்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். கஸ்னாவிலிருந்து கிப்லாவின் திசையைக் கணக்கிடுவதை நோக்கமாகக் கொண்டு, ஊர்களின் அமைவிடத்தைத் துல்லியமாக அளக்கும் முறைகளை இன்னொரு நூலில் விளக்கி, 1025இல் அதை முடித்தார்.

நிழல்களைப் பற்றிய நூலில் அவர் பதிவுசெய்துள்ள ஒரு நிகழ்ச்சி இன்றைக்கும் பொருந்தும். தொழுகை நேரம் காட்டும் கருவி ஒன்றில் ரோமானிய மாதங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்நியரின் மாதக்கணக்கு கொண்ட கருவியைப் பள்ளிவாசலுக்குள் அனுமதிக்க முடியாது என்று மார்க்கச் சட்டம் பயின்ற ஒருவர் மறுத்துவிட்டார். அப்படியானால் ரோமானியர் உணவு உண்கிறார்கள், கடைத்தெருவில் நடக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் அல்பீரூனி பதில் தந்தார். கருவி எங்கிருந்து வந்தது என்பது அவருக்குப் பொருட்டாக இருக்கவில்லை. அது சொல்லும் நேரம் சரியா என்பதே அவர் கேட்ட கேள்வி. சூரியன் மறைவதற்குச் சூரிய மாதக்கணக்கே பொருத்தமானது என்பதை எவரும் சரிபார்க்க முடியும்.

முவக்கித் என்னும் பொறுப்பாளர்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் பள்ளிவாசல்களில் ஒரு புதிய பதவி தோன்றியது. அதற்கு ‘முவக்கித்’ என்று பெயர். வக்து என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வானியல் கற்ற ஓர் அறிஞர் பள்ளிவாசலின் ஊழியராகவே அமர்ந்து, ஐவேளைத் தொழுகைகளின் நேரத்தைக் கணக்கிட்டு முஅத்தின்களுக்கு அறிவிப்பார். இந்த ஏற்பாடு பின்னர் ஷாமுக்கும் பரவியது.

முவக்கித்களில் புகழ் மிக்கவர், டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர் (மறைவு 1375). அவர் 1371இல் அப்பள்ளிவாசலின் மினாரா ஒன்றில், ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட சலவைக்கல் சூரிய மணிகாட்டியை அமைத்தார். அதன் கோடுகள் பகலின் நேரத்தைக் காட்டியதோடு, தொழுகை வேளைகளுக்கு எவ்வளவு காலம் எஞ்சியிருக்கிறது என்பதையும் காட்டின. அடுத்த பாங்குக்கு இத்தனை நிமிடம் என்று இன்றைய செயலிகள் திரையில் காட்டும் வசதியை அவர் கல்லில் செதுக்கிவிட்டார்.

1366இல் அவர் செய்த இன்னொரு கருவி நம்மை மேலும் வியக்க வைக்கும். பக்கத்துக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் உள்ள ஒரு சிறு பெட்டி அது. மூடியைத் திறந்தால் நேரம் அறியும் ஏற்பாடும், திசை அறியக் காந்த ஊசியும் இருக்கும். ‘மாணிக்கங்களின் பெட்டி’ என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். நேரமும் கிப்லாவும் ஒரே கையடக்கக் கருவியில் கிடைப்பது நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர், 650 ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே பள்ளிவாசலில் அதே நூற்றாண்டில் பணிபுரிந்த ஷம்சுத்தீன் அல்கலீலீ, டமாஸ்கஸுக்கான தொழுகை நேர அட்டவணைகளைத் தொகுத்தார். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அந்நகரில் வழக்கில் இருந்தன. வெவ்வேறு ஊர்களின் அமைவிடத்துக்கு ஏற்ப கிப்லாவின் திசையைத் தரும் அட்டவணை ஒன்றையும் அவர் வகுத்தார். அதில் ஏறத்தாழ 3,000 மதிப்புகள் உள்ளன. அத்தனையும் கையால் கணக்கிடப்பட்டவை.

இக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. இவற்றைச் செய்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். அவர் எந்த மரபில் கற்றார், எந்த முறையில் கணக்கிட்டார் என்பது தெரியும். ஐயம் எழுந்தால் பள்ளிவாசலுக்குச் சென்று கேட்கலாம். வானத்தைப் பார்த்துச் சோதிக்கலாம். இன்னொன்றும் உண்டு. முவக்கித் தன் கடமையை நிறைவேற்றச் சூரியனை அறிந்தால் போதும். தொழ வருபவர் எந்தத் தெருவில் வசிக்கிறார், இரவில் எங்கே உறங்குகிறார், யாரைச் சந்திக்கிறார் என்பவை அவருக்குத் தேவைப்படவில்லை.

கடிகாரமும் நம் ஊர்ச் சுவரும்

தமிழகத்துக்கு வருவோம். நகரா முழங்கியும் மினாராவில் விளக்கேற்றியும் நேரம் அறிவித்த ஊர்களில் பின்னர் சுவர்க் கடிகாரங்கள் வந்தன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வு நிலையத்தின் கணக்கே சென்னை நேரத்துக்கு அடிப்படையாக விளங்கியது. அந்நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னே இருந்தது. இரயில்வே நிர்வாகங்கள் அதைப் பரவலாகப் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அது 5 மணி 30 நிமிடம்.

இரயிலுக்கு ஒரே நேரம் வசதியானது. சூரியனோ இரயில் அட்டவணையைப் பார்த்து உச்சி சாய்வதில்லை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நெடுங்கோட்டில் 3 பாகைக்குச் சற்று அதிகமான வேறுபாடு உண்டு. ஆகவே சென்னையில் சூரியன் உச்சி சாய்ந்து 13 நிமிடம் கழித்தே கோவையில் சாய்கிறது. சென்னையின் லுஹர் நேரத்தைக் கோவையில் அப்படியே பின்பற்றுபவர், வக்து வருவதற்கு முன்பே தொழுதவராகிவிடக் கூடும்.

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். பள்ளிவாசல் சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டுள்ள நிரந்தர நேர அட்டவணையைப் பாருங்கள். எந்த ஊருக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற குறிப்பு பல அட்டவணைகளின் ஓரத்தில் இருக்கும். தயாரித்த ஆலிமின் பெயரும் இருக்கும். இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மாவட்ட வாரியாக நேர அட்டவணை வெளியிட்டு வருகிறது. ஐரோப்பியக் கடிகாரம் வந்த பிறகும் முவக்கித்தின் பொறுப்பு மறையவில்லை. அது ஜமாஅத்தின் கைக்கு மாறியிருந்தது.

கைபேசி வந்த பிறகு

2004இல் துபையிலிருந்து ‘இல்கோன்’ என்னும் கைபேசி வெளிவந்தது. குர்ஆன் பிரதியும் தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் அதிலேயே அமைந்திருந்தன. 2008இல் ஆப்பிள், கூகுள் நிறுவனங்களின் செயலிச் சந்தைகள் திறந்தபின், தனிக் கைபேசியின் தேவை மறைந்தது. 2010இல் சிங்கப்பூரிலிருந்து ‘முஸ்லிம் புரோ’ வந்தது. அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான செயலிகள் வந்தன. இப்னுஷ் ஷாதிரின் பெட்டி உலகின் ஒவ்வொரு முஸ்லிமின் சட்டைப்பைக்கும் வந்துவிட்டது. இது பெரும் நிஃமத். பள்ளிவாசல் இல்லாத ஊரில் பணிபுரியும் இளைஞருக்கும், மருத்துவமனையில் நோயாளியின் அருகில் இருக்கும் சகோதரிக்கும் இதன் அருமை தெரியும்.

ஆனால் செயலி விடியலைக் காண்பதில்லை. தேதி, ஊரின் அமைவிடம், சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது ஃபஜ்ர் என்ற ஒரு தீர்மானம் ஆகிய மூன்றையும் கொண்டு அது கணக்கிடுகிறது. முதல் இரண்டிலும் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மூன்றாவதில்தான் வேறுபாடு. மத்திய கால வானியலாளர்கள் பெரும்பாலும் 18 முதல் 20 பாகை வரை வைத்தனர். இன்று ராபிதா முறையும் கராச்சி முறையும் 18 பாகை. மக்காவின் உம்முல் குரா முறை 18.5, எகிப்து முறை 19.5, வட அமெரிக்க இஸ்னா முறை 15.

இப்போது தொடக்கத்தில் சொன்ன சஹர் நேரத்தின் புதிர் அவிழ்கிறது. நம் அகலக்கோட்டில் 3 பாகை என்பது ஏறத்தாழ 12 நிமிடம். தந்தையின் செயலி எகிப்து முறையிலும், தாயின் செயலி கராச்சி முறையிலும், மகனின் செயலி இஸ்னா முறையிலும் இருந்திருக்கின்றன. எதுவும் பழுதடையவில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஃபத்வாவை மௌனமாகப் பின்பற்றியது. அதைத் தேர்ந்தெடுத்தவர் யார்? தந்தையும் அல்லர், ஊர் ஆலிமும் அல்லர். எங்கோ இருக்கும் ஒரு நிரலாளர், செயலியை நிறுவும்போது முதலில் வரும் அமைப்பாக எதை வைத்தாரோ அதுவே அவர்களின் நோன்பைத் தீர்மானித்தது. ஊரில் 18 பாகைக் கணக்கில் பாங்கு சொல்லியிருக்க, 15 பாகைச் செயலியை நம்பி உண்டுகொண்டிருக்கும் இளைஞரின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள்.

அஸரிலும் இதே நிலைதான். ஷாஃபிஈ மத்ஹபில், உச்சி நேர நிழலைக் கழித்து, பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீண்டால் அஸர். ஹனஃபீ மத்ஹபின் பிரபலமான கருத்தில் இரு மடங்கு நீள வேண்டும். தமிழகத்தில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். இரண்டுக்கும் இடையில் நம் பகுதியில் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு உண்டு. செயலியில் இதற்குத் தனி அமைப்பு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

கிப்லா காட்டும் முள்

செயலியின் கிப்லாப் பகுதி, கைபேசிக்குள் இருக்கும் காந்த உணரியை நம்பியது. இரும்பு மேசை, மகிழுந்து, ஒலிபெருக்கி, காந்தம் பதித்த கைபேசி உறை ஆகியவை அதை எளிதில் திசைதிருப்பிவிடும். கணக்கு சரியாக இருந்தாலும் முள் தவறலாம். சென்னையிலிருந்து கிப்லா, நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கிறது. செயலி தென்மேற்கைக் காட்டினால் அது தடுமாறுகிறது என்று உடனே அறியலாம்.

இதைச் சோதிக்க அல்லாஹ் ஆண்டுக்கு இருமுறை வாய்ப்புத் தருகிறான். மே 28ஆம் நாளை ஒட்டி நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16ஆம் நாளை ஒட்டிப் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் இருக்கும். அந்நேரத்தில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. நேராக நிறுத்திய ஒரு குச்சியின் நிழல் அதற்கு நேர் எதிர்ப்புறம் விழும். பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, நிழலையும் செயலியின் முள்ளையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். அல்பீரூனியின் நிழல் பாடம் அவர்களுக்கு அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

விலைபோன இருப்பிடம்

இதுவரை சொன்னவை திருத்திக்கொள்ளக்கூடிய வேறுபாடுகள். இனிச் சொல்லப்போவது வேறு வகையானது.

2020 நவம்பரில் ‘மதர்போர்டு’ இதழ் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. அப்போது 9 கோடியே 80 இலட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்த முஸ்லிம் புரோ செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்னும் தரவு நிறுவனத்துக்குச் சென்றது என்றும், அந்நிறுவனம் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களுக்கு இருப்பிடத் தகவல்களை விற்றது என்றும் அச்செய்தி கூறியது. உலகெங்கும் முஸ்லிம்கள் அதிர்ந்தனர். இராணுவத்துக்குத் தாம் நேரடியாக எதையும் விற்கவில்லை என்று செயலியின் நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோடுடனான தொடர்பை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் நிரலைத் தங்கள் சந்தைகளிலிருந்து தடைசெய்தன. 2024 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் உள்ளிட்ட இடங்களுக்குச் சென்று வருவோரைக் காட்டிக்கொடுக்கும் இருப்பிடத் தரவை அந்நிறுவனமும் அதன் வாரிசு நிறுவனமும் விற்கத் தடை விதித்தது.

இது ஒரு செயலியோடு முடிந்த கதையன்று. 2021 ஜனவரியில் இன்னொரு தொழுகை நேரச் செயலியின் பயனர் இருப்பிடம் பிரெஞ்சுத் தரவு நிறுவனம் ஒன்றுக்குச் சென்றது வெளிவந்தது. 2022இல், பயனர் தகவலை மறைவாகத் திரட்டும் நிரல் பொதிந்திருந்த பல செயலிகளைக் கூகுள் நீக்கியபோது, ஒரு கோடிக்கு மேல் பதிவிறக்கப்பட்ட தொழுகைச் செயலி ஒன்றும் அவற்றில் இருந்தது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் பகுதியில் ஒரு பாகை நெடுங்கோடு ஏறத்தாழ 108 கிலோமீட்டர். அதற்கு 4 நிமிடம். அப்படியானால், கிழக்கு மேற்காக 27 கிலோமீட்டர் நகர்ந்தால் உச்சி நேரம் ஒரே ஒரு நிமிடம் மாறுகிறது. தொழுகையின் நேரத்தைச் சொல்ல ஊரின் பெயர் போதும். தெருவும் வீட்டு எண்ணும் வேண்டியதில்லை. அல்குவாரிஸ்மி பக்தாதை மட்டுமே அறிந்து பக்தாதியர் அனைவருக்கும் நேரம் சொன்னார். ஒரு செயலி நம் துல்லியமான இருப்பிடத்தை இரவு பகலாகக் கேட்கிறதென்றால், அது தொழுகைக்காகக் கேட்கவில்லை.

பிறர் இல்லத்தில் நுழைய அனுமதி கோரும் ஒழுக்கத்தை அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும். துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. செயலியை நிறுவும்போது திரையில் தோன்றும் ‘அனுமதிக்கவா?’ என்ற கேள்வியும் ஓர் இஸ்திஃதான்தான். வாசலில் நிற்பவர் யார், எதற்கு வந்தார், எந்த அறை வரை செல்ல விரும்புகிறார் என்று கேளாமல் நாம் வீட்டைத் திறந்து விடுவதில்லை. அங்கே மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் தருகிறோம்?

வீட்டில் செய்ய வேண்டிய மதிப்பீடு

வரலாறு தந்த அளவுகோல்களைக் கொண்டு நம் வீட்டுச் செயலிகளை இனி எடைபோடலாம்.

முதலாவது, கணக்கு முறை வெளிப்படையாக இருக்க வேண்டும். ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் எத்தனை பாகை, அஸருக்கு எந்த மத்ஹப் என்பதைக் காட்டாத, மாற்ற விடாத செயலி வேண்டாம். உங்கள் ஜமாஅத் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று இமாமிடம் கேட்டு, வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளிலும் அதையே வையுங்கள். ஓரிரு நிமிடம் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தால், பள்ளிவாசல் அட்டவணையோடு பொருத்திவிடலாம்.

இரண்டாவது, ஊரை நாமே தேர்ந்தெடுக்க வழி இருக்க வேண்டும். அவ்வாறு தேர்ந்தெடுத்தபின் இருப்பிட அனுமதியை மறுத்துவிடலாம். பயணத்தில் ஊரை மாற்ற மறவாதிருந்தால் போதும். அதற்கும் இடமில்லையெனில், செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும், அதுவும் தோராயமான இருப்பிடத்தை மட்டும் அனுமதியுங்கள். ஆப்பிள் கைபேசிகளில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் இவ்வசதி இருக்கிறது. தொடர்புப் பட்டியலையோ ஒலிவாங்கியையோ தொழுகை நேரச் செயலி கேட்டால், அதை நீக்கிவிடுவதே நலம்.

மூன்றாவது, செய்தவர் யார் என்பது தெரிய வேண்டும். மூல நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் செயலிகள் உள்ளன. ஆண்ட்ராய்டுக்கான குர்ஆன் செயலி ஒன்று அவ்வாறு திறந்த நிரலாகவே பல ஆண்டுகளாகத் தொண்டு நோக்கில் நடந்து வருகிறது. அத்தகையவற்றுக்கு முன்னுரிமை தாருங்கள். விளம்பரம் நிறைந்த இலவசச் செயலிக்கு நாம் வேறு வகையில் விலை கொடுக்கிறோம். சிறிய கட்டணம் வாங்கித் தூய்மையாக நடத்துவோருக்கு அதைக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். முவக்கித்துக்கும் ஊதியம் இருந்தது.

நான்காவது, பாங்கு ஒலிக்காததை வக்து வராததாகக் கொள்ளாதீர்கள். மின்கலத்தைச் சேமிக்கும் அமைப்பு, பின்னணியில் இயங்கும் செயலியை உறங்க வைத்துவிடும். பாங்குக்கென அந்த அமைப்பில் விலக்கு அளிக்க வேண்டும்.

இதே அளவுகோல் பிற செயலிகளுக்கும் பொருந்தும். ஜகாத் கணக்கிடும் செயலி, நிஸாபைத் தங்கத்தின் மதிப்பில் வைக்கிறதா, வெள்ளியின் மதிப்பில் வைக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இன்றைய விலையில் பெருத்த வேறுபாடு உண்டு. பிள்ளைகளுக்கான குர்ஆன் செயலியில், மதரஸாவில் அவர்கள் ஓதும் இந்திய எழுத்தமைப்பு இருக்கிறதா, மதீனா அச்சின் எழுத்தமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியானவையே. ஆயினும் நிறுத்தக் குறிகளும் மத்துக் குறிகளும் மாறும்போது, தொடக்க நிலை மாணவர் தடுமாறுவதை வகுப்பறையில் நான் அடிக்கடி காண்கிறேன்.

பொறுப்பு நம்முடையது

கருவியை மறுப்பது நம் மரபு அன்று. அல்பீரூனி அந்த மனப்பான்மையை அன்றே கண்டித்தார். கருவியிடம் கேள்வி கேட்காமல் சரணடைவதும் நம் மரபு அன்று. கணக்கிட்டவரின் பெயரை அறிந்து, கணக்கை வானத்தோடு ஒப்பிட்டு, அதன் பிறகே நம் முன்னோர் நேரத்தை ஏற்றனர். அந்தப் பணியைச் செய்ய ஒவ்வொரு பெரிய பள்ளிவாசலிலும் ஒருவர் இருந்தார். இன்று அவர் அமர்ந்திருந்த இடம் காலியாக இருக்கிறது.

அதை நிரப்பப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை. கணினி அறிந்த இளைஞர் ஒருவரும் ஃபிக்ஹு அறிந்த ஆலிம் ஒருவரும் ஷஅபான் மாதத்தில் ஒரு மாலை அமர்ந்தால், அந்த ஊருக்கு ஏற்ற செயலி எது, அதில் வைக்க வேண்டிய அமைப்புகள் எவை, மறுக்க வேண்டிய அனுமதிகள் எவை என்று ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் பெயருடன் ஒட்டிவிடலாம். ரமளான் பிறக்கும்போது ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் சஹரை முடிக்கும். எந்த ஜமாஅத்தும் இதைத் தொடங்கலாம்.

நேரத்தின் அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.